இரண்டாவது ஆமாம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'நிஜமாவா'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. அதைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. இணையப் பக்கங்கள் கட்டுவது அவள் வேலை. அவள் கட்டிய பக்கத்தில் எந்தப் பொத்தானைத் தொட்டாலும் ஒரு சின்னக் கட்டம் எழும்பி வந்து "நிஜமாகவா?" என்று கேட்கும். படத்தை அழிக்கப் போனால் கேட்கும். கணக்கை விட்டு வெளியேறப் போனாலும் கேட்கும். ஒரு தடவை அலுவலகத்துக்குத் தேநீர் வாங்கிவர விளையாட்டாக ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். சர்க்கரை வேண்டாம் என்றவர்களையும் அது விடாமல் கேட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அப்புறம் போகவே இல்லை.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் அப்பா ஒரு துணி ஆலையில் முப்பத்தோரு வருடம் பாய்லர் ஓட்டியவர். பாய்லர் அவருக்குச் சோறு போட்டது, பதிலுக்குக் காதை வாங்கிக்கொண்டது. வலது காது அநேகமாகப் போய்விட்டது. இடது பக்கம் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிறுத்திச் சொன்னால் விழும். காது மந்தமானவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூடவே இருந்தவர்களுக்குத்தான் அது தெரியும். கேட்காத கேள்விக்கும் தலையாட்டிவிடுவார்கள். எத்தனை தடவைதான் "என்ன, என்ன" என்று கேட்பது? அவர்களுக்கும் மானம் இருக்கிறது.

ஆறாம் வகுப்பில் ஒரு நாள் அவள், "நாளைக்கு ஸ்கூல்ல எங்கள வெளிய கூட்டிட்டுப் போறாங்க, வர்றதுக்கு எட்டு மணி ஆகும், போகட்டுமாப்பா" என்று கேட்டாள். அப்பா செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து, சிரித்து, தலையாட்டினார். மறுநாள் நாலரை மணியிலிருந்து பள்ளிக்கூட வாசலில் நின்றார். காவலாளியோடு சண்டை போட்டார். தெருத் தெருவாகத் தேடினார். எட்டு மணிக்கு அவள் பேருந்திலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "சொல்லிட்டுத்தானே போனேன்" என்று அவள் அழுதாள். அவள் சொன்னது நிஜம். அவர் ஆமாம் என்றதும் நிஜம். கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மனிதர்கள் சொல்லும் முதல் ஆமாம் மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது ஆமாம்தான் ஆமாம். கணினிக் கல்லூரியில் நாலு வருடம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இதற்கு மேல் அடித்த வண்ணம்.

அலுவலகம் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. படியேறும்போதே டர்பண்டைன் வாசனை மூக்கைத் துளைக்கும். எட்டுப் பேருக்கு ஏழு நாற்காலி; கடைசியாக வருகிறவருக்கு பிரிண்டர் வந்த மரப்பெட்டி. அவர்கள் நடத்தியது 'தடம்' என்ற செயலி. நகரத்தில் நடக்கிறவர்கள் கண்ணில் படுவதை அதில் குறித்து வைக்கலாம்: உட்கார பெஞ்ச் எங்கே இருக்கிறது, எந்தக் குழாயில் குடிக்கத் தண்ணீர் வரும், எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, எந்தக் கழிப்பறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். குறித்தது சரிதான் என்று இன்னும் இரண்டு பேர் போய்ப் பார்த்துச் சொன்னால், குறித்தவர் கணக்கில் தடம் டோக்கன் ஏறும். கையில் பிடிக்க முடியாத காசு. கிரிப்டோ என்று உலகம் சொல்லும் பெரிய கும்பலில் கடைசி வரிசையில் நிற்கும் பொடிசு.

சேர்ந்தவர்களுக்கு வரிசையாக எண் கொடுத்திருந்தார்கள். முதல் நாற்பது பேர் சோதனைக் காலத்தில் ஊழியர்கள் வீட்டுக் கைபேசிகளில் ஏற்றிவிடப்பட்டவர்கள். அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று கையைக் காலைப் பிடித்துச் சேர்த்த கூட்டம். முக்கால்வாசிப் பேர் ஒரு மாதத்தில் மறந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் மறக்கவில்லை. பதினாலாம் எண்.

பதினாலு ஒரு நாளைக்கு ஆறு பெஞ்ச் குறிப்பார். வெறுமனே குறிக்க மாட்டார். கூடவே ஒரு வரி எழுதுவார். "நாலு மணிக்கு மேல் இங்கே வெயில் இல்லை." "முதுகு சாயப் பலகை இல்லை, வயதானவர்கள் யோசித்து உட்காரவும்." "ஒரு கால் ஆடுகிறது. அட்டை மடித்து வைத்திருக்கிறேன், மழை வந்தால் மாற்ற வேண்டும்." காலையில் வந்ததும் அதை யாராவது சத்தமாக வாசிப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், அப்புறம்தான் வேலை தொடங்கும். பதினாலு யார் என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. யார் எங்கே நடக்கிறார்கள் என்பது அவரவர் சொந்த விஷயம், பெயரைத் தேடிப் பார்க்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அந்த விதிக்காகப் போராடியவள் நம்முடைய நிஜமாவாதான்.

இந்த டோக்கனை வேறு காசாக மாற்ற வேண்டும் என்றால் வெளியே வேறொரு தளத்துக்குப் போக வேண்டியிருந்தது. போனவர்களில் பாதிப் பேர் வழி தெரியாமல் திரும்பினார்கள், மீதிப் பேர் திரும்பவே இல்லை. அதனால் முதலாளி, "மாத்துற வசதி நம்ம பக்கத்துலயே இருக்கணும்" என்றார். அதற்கென்றே வேறொரு நிறுவனம் செய்து வைத்திருக்கும் விட்ஜெட் இருக்கிறது. இருபது வரியை எடுத்து உங்கள் பக்கத்தில் ஒட்டினால் போதும், ஒரு மாற்றுப் பெட்டி அங்கேயே திறந்துகொள்ளும். மேலே ஒரு டோக்கன், கீழே ஒரு டோக்கன், நடுவில் அம்பு, அடியில் பொத்தான். அடுத்தவர் வீட்டு ஜன்னலைக் கழற்றிக்கொண்டுவந்து நம் சுவரில் பதிப்பது மாதிரியான வேலை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடப்பது எதுவும் நம்முடையது இல்லை. ஆனால் பார்க்கிறவருக்கு அது நம் வீட்டு ஜன்னல். இந்த எண்ணம் அவளை முதல் நாளிலிருந்தே அரித்துக்கொண்டிருந்தது.

இருபது வரி என்று சொல்வார்கள். நாலு நாள் ஆனது. பெட்டியின் உயரம் கைபேசியில் பொருந்தாமல் பொத்தான் பாதியில் வெட்டுப்பட்டது. அதைச் சரிசெய்ய ஒரு நாள். வண்ணத்துக்கு ஒரு நாள். வண்ணம் விஷயத்தில் வடிவமைப்பாளன் 'வெள்ளை' அவள் கண்ணில் விரலை விட்டு ஆட்டிவிட்டான். எதைக் கொடுத்தாலும் பாதியை அழித்து வெள்ளையாக விடுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

டோக்கனின் முகவரியைப் பதிக்கும் வேலையை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து செய்தார்கள். நாற்பத்திரண்டு எழுத்து, ஒன்று பிசகினாலும் வேறு யாருடைய டோக்கனோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள், அவன் காகிதத்தில் டிக் போட்டான். பிறகு அவன் வாசித்தான், அவள் போட்டாள்.

"போதும்க்கா, இதோட ரெண்டு தடவ ஆச்சு."

"கடைசி நாலு எழுத்த மட்டும் இன்னொரு தடவ சொல்லு."

அவன் பெருமூச்சு விட்டுச் சொன்னான்.

புதன்கிழமை முதலாளி ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். நிறுவனத்தில் பணம் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பெரிய மனிதர். அவரிடம் பெட்டியைக் காட்ட முதலாளியே உட்கார்ந்தார். உற்சாகத்தில் பத்தாயிரம் டோக்கன் என்று தட்டினார். உடனே பெட்டியில் ஒரு சிவப்புப் பட்டை எழும்பியது. 'இந்த மாற்றத்தில் உங்கள் டோக்கனின் மதிப்பில் பெரும் பகுதியை இழப்பீர்கள். தொடர வேண்டுமானால் உறுதி என்று தட்டச்சு செய்யவும்.' வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இது என்ன சிவப்பா இருக்கு" என்றார். அதற்கு மேல் அந்தச் சந்திப்பில் உயிர் இல்லை.

மதியம் முதலாளி அவள் மேசைக்கு வந்தார். கெட்டவர் இல்லை. பெயிண்ட் கடைக்காரர் வாடகை கேட்டுப் படியேறும் சத்தம் கேட்டால் அவரும்தான் பதறுவார். ஆனால் எட்டுப் பேரின் சம்பளம் ஒரு மாதமும் தள்ளிப் போனதில்லை.

"பெட்டி அருமையா வந்திருக்கும்மா. அந்தச் சிவப்பு மட்டும் வேண்டாம். கடைக்கு வர்றவங்கள வாசல்லயே நிறுத்தி, உங்க பர்ஸ் பத்திரமான்னு யாராவது கேப்பாங்களா?"

"கேட்டா நல்லதுதானே சார்."

"நல்லதுதான். ஆனா கடை ஓடணுமே."

அவள் விளக்கினாள். மாற்றுகிற காசு வானத்திலிருந்து விழுவதில்லை. ஒரு தொட்டியிலிருந்து வருகிறது. தொட்டியில் ஒரு பக்கம் தடம், மறு பக்கம் நல்ல விலை போகும் டோக்கன். தடத்தை உள்ளே போட்டால் அந்தப் பக்கத்திலிருந்து நல்லது வரும். போடப் போட விலை இறங்கும். தெருமுனைக் காய்கறிக் கடைக்கு ஒரு கூடை தக்காளி கொண்டுபோனால் நியாயமான விலைக்கு எடுத்துக்கொள்வார். லாரியோடு போய் நின்றால் கடைசிக் கூடைகளைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்பார். இவர்களுடைய தொட்டி இப்போதுதான் கட்டியது, சின்னது. ஒரே தடவையில் நிறையக் கொட்டுகிறவர் பாவம்.

"கொஞ்சம் கொஞ்சமா ஒரு மாசத்துல மாத்துனா ஒண்ணும் ஆகாது சார். ஒரே மூச்சுல மாத்துனா போச்சு. அதத்தான் அந்தச் சிவப்பு சொல்லுது."

"ஒரே மூச்சுல மாத்துற அளவுக்கு யார்கிட்ட இருக்கு? எல்லாரும் நூறு, இருநூறு வச்சிருக்கிறவங்க."

"பதினாலுகிட்ட இருக்கும்."

அறையே சிரித்தது. "பதினாலு மாத்த மாட்டாரு" என்றான் வெள்ளை. "அவரு பெஞ்சுக்காக நடக்கிறவரு."

முதலாளியும் சிரித்தார். "வெள்ளிக்கிழமை திறக்குறோம். பத்து நாள் சிவப்பு இல்லாம ஓடட்டும். அப்புறம் திரும்பப் போட்டுடலாம். சரியாம்மா?"

அவள் தலையாட்டினாள்.

அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன் என்று பின்னால் அவள் பலமுறை நினைத்துக்கொண்டாள். நமக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டாவது தடவையும் தலையாட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

சிவப்பை அணைக்கும் இடத்தை வெள்ளைதான் கண்டுபிடித்தான். விட்ஜெட்டின் அமைப்புகளில் அதற்கு 'நிபுணர் முறை' என்று பெயர். விவரம் தெரிந்தவர்களுக்கு எச்சரிக்கை எதற்கு என்று நினைத்துச் செய்து வைத்தது. அதற்கு எதிரே 'இல்லை' என்று இருந்தது. அவள் அதை 'ஆம்' என்று மாற்றினாள். ஒரே வார்த்தையில், தடத்தில் சேர்ந்திருந்த இருபதாயிரம் பேரும் நிபுணர்கள் ஆனார்கள்; எந்தப் பல்கலைக்கழகமும் இத்தனை சுளுவாகப் பட்டம் கொடுத்ததில்லை. பெட்டி இப்போது வெண்ணெய் மாதிரி வழுக்கியது. வெள்ளை அதைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக எதையும் அழிக்கச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பாட்டு மேசைக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தார். மேசையின் ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் வைக்கும் அட்டையை மடித்து மாற்றிக்கொண்டிருந்தார்.

அம்மா இருந்தவரை அம்மாதான் அவருக்குக் காது. அம்மா போனபிறகு வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் கூடியது, பேச்சு குறைந்தது. போன வருடம் அவரை வற்புறுத்திக் காது பரிசோதிக்க அழைத்துப் போனாள். அங்கே ஒரு பெண் இரண்டு காதிலும் மெஷின் மாட்டிவிட்டாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பி, மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். அது அப்படிச் சத்தம் போடும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பிறகு விலைத்தாளைக் கையில் வாங்கி முழுவதும் படித்தார். கழற்றிக் கொடுத்துவிட்டு, "ரொம்ப இரையுது, நமக்கு ஒத்து வராது" என்றார். வீட்டுக் கடனுக்கு அவள் சம்பளத்தில் பாதி போவது அவருக்குத் தெரியும். அவள் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் முதல் தடவையே தெளிவாகக் காதில் வாங்கி, வேண்டாம் என்று சொன்னார். ஆனால் அந்த விலைத்தாளைத் தூக்கிப் போடவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

"நாளைக்குத்தானே உங்க ஆபீஸ்ல ஏதோ திறக்குறீங்க?" என்று மேசையடியிலிருந்து கேட்டார்.

"ஆமாப்பா. பதினொரு மணிக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தலையாட்டினார். அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை, அலுப்பாக இருந்தது. அப்பா தினமும் நடக்கப் போவார்; அப்போது தவறாமல் கைபேசியை எடுத்துப் போவார். சர்க்கரைக்காக நடக்கிறார், விழுந்து கிழுந்து வைத்தால் கூப்பிடக் கைபேசி வேண்டும்தானே என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பெட்டி திறந்தது. நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு வரியாகத் தெரியும்படி சுவரில் பெரிய திரையை மாட்டியிருந்தார்கள். முதல் வரி: இருபத்தைந்து டோக்கன். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு நூறு, அறுபது, பத்து. பத்து டோக்கன் மாற்றியவருக்கு யாரோ சீட்டியடித்தார்கள்.

பன்னிரண்டு பத்துக்கு ஒரு வரி விழுந்தது. நாற்பத்தோராயிரத்து இருநூறு.

"யாருப்பா இது" என்று முதலாளி எழுந்து நின்றார். வரியின் ஓரத்தில் எண் இருந்தது. வெள்ளைதான் முதலில் பார்த்தான். "பதினாலு" என்றான். இரண்டு பேர் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

அவள் கைதட்டவில்லை. வரியின் கடைசியில், மாற்றியதில் எவ்வளவு இழப்பு என்ற சதவீதம் இருந்தது. அங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். அறுபத்தெட்டு. மூன்றில் ஒரு பங்குகூட அவர் கைக்கு முழுசாகப் போகவில்லை. மீதி தொட்டிக்குள் கிடந்தது, அடுத்து வருகிறவர்கள் மலிவாக அள்ளிக்கொள்ள. வங்கியாக இருந்தால் யாருக்காவது போன் போட்டுக் கெஞ்சலாம், சண்டை போடலாம். இங்கே கெஞ்ச ஆள் கிடையாது, நடந்தது நடந்ததுதான்.

அவள் சொன்னதும் கைதட்டல் நின்றது. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார், ஒரு நிமிடம் இருக்கும்.

"நான் இப்பவே சிவப்பத் திரும்பப் போட்டுடறேன் சார்."

"இன்னைக்கு வேண்டாம்மா. அந்தப் பெரிய மனுஷன் வீட்ல உக்காந்து பாத்துட்டிருக்காரு. திங்கக்கிழமை காலைல முதல் வேலையா பண்ணிடலாம்."

"பதினாலுக்கு?"

"அவருக்கு நாம என்ன பண்ண முடியும் சொல்லுங்க. அவரா அழுத்துனது. அவரு நல்லா விவரம் தெரிஞ்ச ஆளு, எழுதுறதப் பாத்தா தெரியல?" அவர் நிறுத்தினார். "திங்கக்கிழமை. சரியா?"

அவள் மறுபடியும் தலையாட்டினாள்.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். பேருந்தில் வந்த நேரமெல்லாம் முகம் தெரியாத ஒரு மனிதர் அவள் மனதில் உட்கார்ந்திருந்தார். அவர் எதற்காக அத்தனையையும் ஒரே நாளில் மாற்றினார், என்ன அவசரமோ என்று யோசித்தாள். யாருடைய மாமாவோ.

அப்பா மேசையில் உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். எதிரே கைபேசி, பக்கத்தில், மடிப்புகள் வெளுத்துப்போன அந்த விலைத்தாள் பிரித்து வைக்கப்பட்டிருந்தது.

"உக்காரு பாப்பா" என்றார். "உங்க பெட்டி நல்லா வேல செய்யுது."

அவள் நின்றபடியே இருந்தாள்.

"ரெண்டு வருஷமா சேத்தேன். நீதானே இதுல ஏத்திக் குடுத்த, சோதனைக்கு ஆள் வேணும்னு. நான் விடல. நீ சுகருக்கு நடக்குறேன்னு நெனச்சுட்டிருந்த, நானும் சரின்னு விட்டுட்டேன்." அவர் விலைத்தாளைத் தடவினார். "உன் காசுல வாங்க வேண்டாம்னு பாத்தேன். போன வாரம் வெளித் தளத்துல விலையப் பாத்தப்ப, என்கிட்ட இருக்கறதுக்கு ரெண்டு காதுக்கும் மெஷின் வாங்கலாம்னு இருந்துச்சு. இன்னைக்கு மாத்துனா ஒரு காதுக்குக்கூட வரல. விலை இறங்கிடுச்சு போல. காசுன்னா ஏறும், இறங்கும். என்ன பண்றது."

அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேசை ஆடவில்லை, அட்டையை நேற்றுதான் மாற்றியிருந்தார். அட்டை மடித்து வைத்திருக்கிறேன், மழை வந்தால் மாற்ற வேண்டும். எத்தனை காலைகளில் அந்த வரிகளைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். சொந்த அப்பாவின் குரலை எழுத்தில் அடையாளம் தெரியவில்லை. வீட்டில் அவர் அவ்வளவு பேசியதே இல்லை.

இடது பக்கம் போய் உட்கார்ந்து கேட்டாள். "கம்மியா காட்டுச்சுல்லப்பா. அப்பவே நிறுத்தியிருக்கலாமே."

இந்தத் தடவை அவருக்குக் கேட்டது.

"எனக்கும் தோணுச்சு. ரொம்பக் கொஞ்சமா இருக்கேன்னு அஞ்சு நிமிஷம் அப்படியே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் நெனச்சேன், இது நீ செஞ்சதாச்சே. நீ எல்லாத்துக்கும் ரெண்டு தடவ கேப்ப. இது ஒரு தடவகூட கேக்கல. சரி, கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல போலன்னு அழுத்திட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். குற்றம் சொல்லும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் அழுதிருக்கலாம்.

எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்து, அவருடைய வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அறிந்து செய்தாளா, அறியாமல் செய்தாளா என்று நாம் கேட்க வேண்டாம். தாழ்ந்த குரலில் சொன்னாள். "விலை இறங்கலப்பா. ஒரே தடவையா மாத்துனா நஷ்டம்னு அந்தப் பெட்டி சொல்லும். அதச் சொல்ல விடாம நிறுத்துனது நான்தான்."

அப்பா அவளைப் பார்த்துப் புன்னகைத்து, தலையாட்டினார்.

அவளுக்கு அந்தத் தலையாட்டலை முப்பது வருடமாகத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் நாலரை மணியிலிருந்து எட்டு மணிவரை நின்ற தலையாட்டல் அது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, அவரும் ஆமாம் என்றுவிட்டார். இத்தோடு எழுந்து போனால் யாரும் ஒரு குறையும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை சிவப்பு வந்துவிடும். காசு என்றால் ஏறும் இறங்கும் என்று அவரும் ஆறுதலாக இருப்பார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் அதற்கு ஆசைப்பட்டாள்.

பிறகு பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மேசைமேல் வைத்தாள். நிபுணர் முறைக்கு எதிரே இருந்த 'ஆம்' என்பதை 'இல்லை' என்று மாற்றினாள். தளத்தில் ஏற்றப் போனபோது அவள் எழுதிய கட்டமே அவள் முன்னால் எழும்பி, "நிஜமாகவா?" என்றது. அழுத்தினாள். முதலாளிக்கு ஒரு வரி அனுப்பினாள்: 'சிவப்பைப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. பதினாலு என் அப்பா.' பதில் வருகிறதா என்று பார்க்காமல் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

நாற்காலியைத் தூக்கி அவருடைய இடது பக்கம் கொண்டுபோய்ப் போட்டாள். ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியை அணைத்தாள். அவர் கையைத் தொட்டு, முகத்தைத் தன் பக்கம் திரும்ப வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில் மறுபடியும் சொன்னாள். விலை இறங்கவில்லை. நஷ்டம் ஆகும், நிஜமாகவா என்று பெட்டி கேட்டிருக்க வேண்டும். கேட்க விடாமல் செய்தது நான். எனக்குத் தெரிந்தே செய்தேன்.

இந்தத் தடவை அவர் தலையாட்டவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் மெல்ல விலைத்தாளுக்குப் போயின. அவர் அதைப் பழைய மடிப்பிலேயே நாலாக மடித்தார். மெஷின் நான் வாங்கித் தருகிறேன் என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல் இருக்கும் அறிவு அன்றைக்கு அவளுக்கு இருந்தது.

"ரெண்டு வருஷம், பாப்பா" என்றார்.

"ஆமாப்பா."

வெளியே யாரோ வண்டியை முடுக்கிக்கொண்டு போனார்கள். அது அவளுக்கு மட்டும் கேட்டது. பிறகு அவர் தன் கைபேசியை அவள் பக்கம் தள்ளினார்.

"அது இப்ப வருமா? அந்தக் கேள்வி?"

"வரும்பா."

"காட்டு."

அவள் பெட்டியைத் திறந்தாள். அவர் கணக்கில் இப்போது ஒன்றும் இல்லை. இருந்தாலும் நாற்பத்தோராயிரத்து இருநூறு என்று தட்டினாள். சிவப்புப் பட்டை எழும்பியது. அப்பா கைபேசியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டார். உதடுகள் அசைய, ஒரு வார்த்தை விடாமல் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இதப் பாத்திருந்தா நிறுத்தியிருப்பேன்" என்றார்.